பார் பார்த்த பிறகே முத்துக்குளிப்பு

தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி மண்டிக் கிடக்கும் திட்டுக்குப் பார் என்று பெயர். குளிப்பை அறிவிக்கும் முன் ஆட்களை இறக்கி மாதிரிக்குச் சிப்பி அள்ளி வருவார்கள். அதை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்கு விலை மதிப்பார்கள். சிப்பிக்கு வயது ஆகியிருக்கிறதா, குளிப்புச் செலவுக்குக் கட்டுமா என்று தெரிந்த பிறகே படகுகள் புறப்படும். டச்சுக்காரர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் இதுதான் நடைமுறை. 1961-இல் இங்கே கடைசியாக முத்துக் குளித்தார்கள். சில வார வேலைக்கே அவ்வளவு சோதனை. பழைய முத்துத்துறையான கொற்கைக்குப் பக்கத்து ஏரலிலிருந்து முனைவர் பட்டத்துக்குக் கிளம்பும் பிள்ளையோ, பல ஆண்டுகளைக் கழிக்கப்போகும் ஆய்வகத்தைச் சேரும் நாளில்தான் முதன்முதலாகப் பார்க்கிறது. சேருவதற்கு முன் ஒரு நாளாவது அந்த ஆய்வுக்குழுவோடு இருந்துவிட்டு வருவது கட்டாயம் என்றே சொல்வேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். நடுவில் நெறியாளரை மாற்றிக்கொள்வது ஏட்டில் எளிது. நடப்பில் அது பாதிக் கிணற்றில் கயிறு மாற்றும் வேலை. இத்தனை பெரிய முடிவுக்கு நம் ஊரில் இருக்கும் ஒரே சந்திப்பு நேர்காணல். அதில் கேள்வி ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வரும். மாணவர் சான்றிதழ்களை அடுக்கி நீட்டுவார், பதில் சொல்வார், பஸ் ஏறுவார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், இடம் கொடுத்த மாணவரை ஓரிரு நாள் அழைத்து ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டுவது வழக்கம். பயணச் செலவையும் பெரும்பாலும் அவர்களே ஏற்கிறார்கள். தருமத்துக்காக இல்லை. பொருந்தாமல் பாதியில் போகும் மாணவரால் அவர்களுக்கும் நஷ்டம்.

போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. ஆய்வேடுகளின் மின்படியைச் சோத்கங்கா தளத்துக்குத் தர வேண்டும் என்பது விதி. எவரும் இலவசமாகப் படிக்கலாம். அந்த நெறியாளரிடம் கடைசியாக முடித்த இரண்டு மூன்று பேரின் ஆய்வேடுகளைத் திறந்து பாருங்கள். முடிவுரையைவிட நன்றியுரை அதிகம் பேசும். வேலை சொல்லிக் கொடுத்தது நெறியாளரா, மூத்த மாணவரா, எந்த ஊர் ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்தார்கள், யாருடைய படகில் போனார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு உங்கள் எம்.எஸ்சி. ஆய்வை ஐந்து நிமிடத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் முன்னதாகவே நெறியாளருக்கு எழுதி நாள் கேளுங்கள். துணைக்கு அப்பாவோ அண்ணனோ வந்தால் துறை வாசலோடு நிற்பது நல்லது. இது பெண் பார்க்கும் சடங்கு இல்லை.

எதைக் கேட்பது என்பது துறையைப் பொறுத்தது. கடல் உயிரியலையே எடுத்துக்கொள்வோம். நம் பகுதியில் அதற்கு இடம் இல்லாமல் இல்லை: 1977-இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, 1973-இல் செயற்கை முத்தை விளைவித்துக் காட்டிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் என்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே மாதிரி எடுக்க முடியாது. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே கடல் அட்டையில் ஆய்வு செய்யலாம் என்று நெறியாளர் சொன்னால், அனுமதி கையில் இருக்கிறதா, இனிமேல்தான் கேட்க வேண்டுமா என்பதே முதல் கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது இறங்குதளத்துக்குப் போனால் விசைப்படகு மீனைப் பார்க்க முடியாது. போகும் மாதத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். படகு வாடகை யார் தலையில், கருவி ஓடுகிறதா, உறை போட்டு வைத்திருக்கிறார்களா, உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறதா என்பவற்றை அங்கிருக்கும் ஆய்வு மாணவர்களிடம் கேளுங்கள், அதுவும் நெறியாளர் இல்லாத இடத்தில், ஒரு டீ குடித்தபடி. பெண்கள் விடுதி வாசல் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதும், இரவில் ஆய்வகத்தில் தனியாக இருக்க வேண்டி வருமா என்பதும் அற்பக் கேள்விகள் அல்ல.

இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, இதில் நாம் ஆய்வகத்தைச் சோதிப்பதா என்று கேட்பார்கள். உண்மைதான், நெறியாளரிடம் காலி இடம் குறைவு. ஆனால் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கியவர் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயைத் தன்னோடு கொண்டுவருகிறார். உதவித்தொகை இல்லாதவர் தன் இளமையைக் கொண்டுவருகிறார். இருவருமே வெறுங்கையோடு வருபவர்கள் அல்லர். பணிவோடு கேட்ட கேள்விக்கே முகம் சுளிக்கும் நெறியாளர், நாளை சோதனை முடிவு அவருடைய கருத்துக்கு எதிராக வந்தால் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த முகச்சுளிப்பே பெரிய தகவல்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரு நாளில் என்ன தெரிந்துவிடும், வருபவருக்காக எல்லோரும் சிரித்துப் பேச மாட்டார்களா என்பது. பார் சோதித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். சோதனையின்போது நிறைந்து கிடந்த சிப்பி, குளிப்பு நாளுக்குள் திருக்கை தின்றோ நீரோட்டத்தில் அடித்துப்போயோ காணாமல் போனதுண்டு. அதற்காகச் சோதனையை அவர்கள் நிறுத்தவில்லை. ஒரு நாள் போனால் நெறியாளரின் குணம் முழுதும் தெரியாதுதான். ஆனால் பழுதான கருவியும், ஏழாவது ஆண்டில் இருக்கும் மூத்த மாணவரும் கண்ணுக்குத் தெரிவார்கள். காணொளி அழைப்பில் அவை தெரியா.

செலவுதான் எனக்கும் பதில் சொல்லக் கடினமான கேள்வி. தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ என்றால் பஸ் கட்டணத்தோடு முடியும். ஆனால் நல்ல ஆய்வகம் எப்போதும் பக்கத்தில் இருப்பதில்லை. ஏரல் வட்டத்துச் சிவகளையில் அகழாய்வில் தோண்டி எடுத்த மாதிரிகளே காலக்கணிப்புக்கு லக்னோவுக்கும் அகமதாபாத்துக்கும் அமெரிக்காவுக்கும் போயின. அந்தக் கலையைக் கற்க விரும்பும் ஏரல் மாணவர் அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு வீட்டில் பணம் இருக்காது. இதை மாணவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. துறைத் தலைவர்களே, நேர்காணலுக்கு அவர்கள் எப்படியும் ஒரு நாள் வரத்தான் செய்கிறார்கள். அன்று மதியத்துக்குப் பிறகு ஆய்வகத்தைத் திறந்து விடுங்கள். உங்கள் மாணவர்களோடு இரண்டு மணி நேரம் அவர்களைத் தனியே பேச விடுங்கள்.