காப்புச் சட்டம் யாருக்குக் காப்பு?

ஒரு சட்டத்தின் பெயர் இனிமையாக இருக்குமாயின் அதன் வாசகங்களை இருமுறை படித்தல் வேண்டும். இது மலையக மக்கள் வரலாற்றிடம் கற்ற பாடமாகும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்துக்கும் பிரசாவுரிமைச் சட்டம் என்றே பெயர். உரிமையைப் பெயரில் தாங்கிய அச்சட்டமே தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. 1947 இல் சி. வி. வேலுப்பிள்ளையைத் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்ட மக்களுட் பெரும்பாலோர் 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்கிழந்து நின்றனர்.

இன்று ‘காப்பு’ என்ற பெயருடன் இன்னொரு சட்டம் வந்துள்ளது. 2024 சனவரி 24 அன்று 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமே அது. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் சனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு, இணையத்தில் வெளியாகும் கூற்று ஒன்றைப் பொய்யெனக் கண்டு அதனை நிறுத்துமாறு பணிக்கலாம். இங்கேதான் எமது வினா எழுகின்றது: உண்மையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை நியமனம் பெற்றோரிடம் ஒப்படைப்பது தகுமா?

திம்புள்ளப் பள்ளத்தாக்கிலே கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி, நிறுவையில் கொழுந்து கழிக்கப்படுவதையும், குறித்த நிறை தேறாதபோது அரைப்பேர் போடப்படுவதையும் கைத்தொலைபேசியில் எழுதுகிறாள் என வைத்துக்கொள்வோம். நிருவாகம் அதைப் பொய்யென மறுக்கும். தராசும் செக்ரோலும் நிருவாகத்தின் கையில். அவளிடமோ அவளது சொல் மட்டுமே உண்டு. அந்நியர் உட்புகத் தடையிருந்த காலத்தில் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாகத் தோட்டங்களுள் நுழைந்து நிலைமையை அறிந்து எழுதினார். அன்று துரைமாருக்கு அவ்வெழுத்து உண்மையாகவா தோன்றியிருக்கும்?

2018 மார்ச்சில் திகன எரிந்தபோது இணையத்தில் பரவிய வெறுப்பை மறந்தீரோ எனச் சிலர் வினவுவர். மறக்கவில்லை. அவ்வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்கிற்காகப் பேஸ்புக் நிறுவனமே 2020 இல் வருத்தம் தெரிவித்தது. ஆயின் அன்று குறைவாயிருந்தது சட்டமன்று. இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தண்டிக்கும் 56 ஆம் இலக்கச் சட்டம் 2007 முதல் நடைமுறையில் இருந்தது. அச்சட்டம் 2019 இல் பாய்ந்தது சிறுகதை எழுதிய சக்திக சத்குமார மீது. தமிழ்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீமோ, ‘நவரசம்’ என்ற கவிதை நூலின் பேரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பரிலேயே பிணையில் வெளிவந்தார். 2023 இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவிதையைப் பயங்கரவாதமாகப் படித்த அரசு, பொய்யையும் மெய்யையும் செவ்வனே பிரித்தறியும் என நாம் நம்புவது எங்ஙனம்?

சட்டமே வேண்டா என்பது எமது வாதமன்று. நிழற்படத்தைக் காட்டி மிரட்டப்படும் பெண்ணுக்கும், வஞ்சிக்கப்படும் சிறுவருக்கும் காப்பு வேண்டும். இச்சட்டத்தில் அதற்கான பிரிவுகளும் உள. ஆனால் அப்பெண் பொலிசு நிலையம் சென்றால், தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட முறைப்பாட்டில் ஒப்பமிட நேர்கிறது. தமிழும் அரசகரும மொழியென 1987 ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிய பின்னரும் இந்நிலை முற்றாக நீங்கவில்லை. அவளுக்கு உடனடியாக வேண்டுவது ஐவர் ஆணைக்குழுவன்று. தன் மொழியில் கேட்டெழுதும் ஓர் உத்தியோகத்தரே.

ஆகவே நாம் கோருவது இதுவே. மிரட்டலும் சிறுவர் துன்புறுத்தலும் வன்முறைத் தூண்டலும் திட்டவட்டமாக வரையறுக்கப்பட்டுத் தண்டிக்கப்படுக. கூற்றொன்றை நீக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியதாகுக. முறைப்பாடு, விசாரணை, தீர்ப்பு மூன்றும் பாதிக்கப்பட்டவரின் மொழியில் அமைக. பொய்யுரை பற்றிய பிரிவுகள் நீக்கப்படுக. எளியவரின் வாயை அடைத்துப் பெறும் அமைதி பாதுகாப்பாகாது. அது துரைத்தனத்தின் புதிய பெயரே.