அழிக்கப் பார்த்தவர் யார்?



மார்ச் மாதக் கடைசியில் பெங்களூரு சிக்பேட்டைக் கடைகளில் கணக்கு எழுதுகிறவர்களிடம் நின்று பேச முடியாது. அவர்களில் பலருடைய கணினியில் ஓடுவது டேலி என்ற கணக்கு மென்பொருள். அதைத் தயாரிப்பது 1986இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனம், தலைமையகமும் இந்த ஊரில்தான்.

கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்திவைக்க முடியக்கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2021லேயே வந்திருக்க வேண்டியது, இரண்டு முறை தள்ளிப்போனது. (தனி ஆள் நடத்தும் கடையை இது தொடாது, பயப்பட வேண்டாம்.) டேலியும் ‘எடிட் லாக்’ கொண்டுவந்தது. இன்று ஒரு வவுச்சரை நீக்கினால் நீக்கியவர் பெயர் நிற்கும்.

நீக்கப் பார்த்து முடியாமல் போனவர்? விதி கேட்பது நடந்த மாற்றத்தை. நடக்காததைப் பற்றி அதில் பேச்சே இல்லை. எனக்கு இது பெரிய ஓட்டையாகப் படுகிறது. இரவில் வந்து பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனவன் மறுபடி வருவான் அல்லவா?

கணக்கைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸை நிர்வகிக்கும் ஆட்களிடம் கேட்டால் இன்னொரு வேடிக்கை தெரியும். அழிக்க வந்தால் முதலில் ஒரு வரி குறித்துக்கொள், பிறகு தடுத்துவிடு என்று தானாக ஓடும் கட்டளை ஒன்றை, ‘டிரிகர்’ என்பதை, எழுதுவார்கள். தடுத்த கையோடு டேட்டாபேஸ் அந்த வேலை முழுவதையும் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பிவிடும். குறித்த வரியும் அதோடு போய்விடும்! அனுமதியே இல்லாதவர் வந்தாலோ, டிரிகர் எழுந்திருப்பதற்கு முன்பே அவரைத் திருப்பி அனுப்பிவிடும். ஆரக்கிள் டேட்டாபேஸில் அந்த ஒரு வரியை மட்டும் தனியாக உறுதிசெய்ய வழி உண்டு. தோற்ற முயற்சிகளை மட்டும் பதிவுசெய் என்றும் அதனிடம் கேட்கலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பிழைச் செய்தி அட்டவணைக்கு வெளியே, சர்வரின் லாக் கோப்பில் போய் விழும். அந்தக் கோப்பை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பிவைப்பது நல்லது. டேட்டாபேஸை நிர்வகிப்பவரின் கை அங்கே எட்டக்கூடாது.

இந்தப் பதிவுகளின் ஆயுளிலும் வித்தியாசம் இருக்கிறது. கம்பெனிக் கணக்கையும் அதன் திருத்தப் பதிவையும் எட்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். சர்வர் லாக்குகளுக்கு அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் விதித்த குறைந்தபட்சக் காலம் 180 நாள். ஜூனில் ஒருவர் கைவைத்துப் பார்த்திருந்தால், அடுத்த மார்ச்சில் ஆடிட்டர் வரும்போது அந்தத் தடம் இல்லாமலே போயிருக்கலாம்.

கம்பெனிகளில் கணக்குப் பார்க்கும் வாசகர்களே, உங்கள் ஆடிட்டரிடமும் கணினிப் பிரிவிடமும், தோற்ற முயற்சிகள் எங்கே, எவ்வளவு நாள் பதிவில் இருக்கின்றன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள்; அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்