துணை நடிகரா, குணச்சித்திர நடிகரா?

மேலை நாட்டுத் திரைப்பட விருதுகளில் 'துணைப் பாத்திர நடிகர்' என்றொரு பிரிவு உண்டு. கதாநாயகனுக்கு முட்டுக்கொடுக்க நிற்பவர் என்று பொருள்படும் பெயர் அது. அத்தகைய கலைஞரை நாம் குணச்சித்திர நடிகர் என்கிறோம். நம் சொல்லே பொருத்தமானது என்பது என் துணிபு. சான்று வேண்டுவோர் ஆங்கில நடிகர் டென்ஹோம் எலியட்டைப் பார்க்கட்டும்.

1922இல் இலண்டனில் பிறந்த எலியட், அந்நகரின் புகழ்பெற்ற அரச நாடகக் கலைக் கழகத்தில் சேர்ந்தார். தேற மாட்டார் என்று இடையிலேயே அனுப்பிவிட்டார்கள்! உலகப் போர் வந்தது. விமானப் படையில் சேர்ந்தார். 1942இல் அவர் சென்ற குண்டுவீச்சு விமானம் வீழ்த்தப்பட, ஜெர்மானியரிடம் கைதியானார். போர் முடியும்வரை சிறைமுகாம் வாசம். அங்கே சக கைதிகளோடு சேர்ந்து நாடகம் போட்டார். கழகம் கொடுக்காத பயிற்சியை முகாம் கொடுத்தது என்பேன். பசியும் அச்சமும் ஒரு மனிதனின் முகத்தை என்ன செய்யும் என்று அருகிருந்து கண்டவர் அல்லவா அவர்?

1950இல் கிறிஸ்டோபர் ஃப்ரையின் 'வீனஸ் அப்சர்வ்டு' நாடகத்தில் லாரன்ஸ் ஒலிவியருக்கு மகனாக நடித்தார். அடுத்து, திரையில் நல்ல குடும்பத்து இளைஞன் வேடங்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாழ்ந்து கெட்ட மனிதர்களை ஏற்கத் தொடங்கிய பிறகே எலியட் எலியட்டானார்.

1966இல் வந்த 'ஆல்ஃபி'யைச் சொல்லலாம். நாயகன் மைக்கேல் கெயின். எலியட்டுக்குச் சட்டத்திற்கு மறைவாகக் கருக்கலைப்புச் செய்பவர் வேடம். வருவது சில நிமிடங்களே. இது எத்தகைய குற்றம் என்று பாடம் ஒப்பிப்பது போல் சொல்லிவிட்டு, காசையும் வாங்கிக்கொள்கிற மனிதர். வில்லனாக்கிக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். எலியட் அப்படிச் செய்யவில்லை. ஒரு காலத்தில் மதிப்போடு இருந்தவர், இப்போது தம்மையே வெறுப்பவர் என்ற வரலாறு முழுதும் அந்தச் சில நிமிடங்களில் தெரிகிறது. இதுவா துணை?

வேடிக்கை ஒன்று கேளுங்கள். 'எ ரூம் வித் எ வியூ' படத்துக்காக எலியட் ஆஸ்கார் துணை நடிகர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1987இல் அப்பரிசைத் தட்டிக்கொண்டு போனவர் அதே மைக்கேல் கெயின்! நாயகனே இந்தப் பிரிவுக்கு வந்துவிட்டால் யார் யாருக்குத் துணை?

இண்டியானா ஜோன்ஸ் படங்களின் அருங்காட்சியக அறிஞர் என்றால்தான் பலருக்கும் அவரைத் தெரியும். 1981 படத்தில் கண்ணியமாக வந்தவரை 1989 படத்தில் கோமாளியாக்கிவிட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை.

பிரிட்டிஷ் திரைப்பட அகாதெமியின் துணை நடிகர் விருதைத் தொடர்ந்து மூன்றாண்டுகள் வென்றவர் எலியட், 1992இல் மறைந்தார். அம்மூன்றில் கடைசி விருதைத் தந்தது 'டிஃபென்ஸ் ஆஃப் த ரெல்ம்'. அதில் அவர் குடிப்பழக்கமுள்ள முதிய பத்திரிகையாளர். படம் முடியுமுன்பே இறந்துபோகிறார். நாயகன் கேப்ரியல் பைர்ன் நன்றாகவே நடிக்கிறார். ஆயினும் மீதிப் படம் முழுதும் என் கண் அந்தக் கிழவரைத்தான் தேடிக்கொண்டிருந்தது.