‘உட்காருது’ என்றால் போதுமா?



கார் ரிப்பேர் பெரியவங்க சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். ராஜபாளையத்திலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சரி, பட்டறையில் வண்டி நிற்கும்போது, "தம்பி, ஓடிப்போய் ஒரு வாட்டர் பம்ப் வாங்கிட்டு வா" என்று அனுப்பப்படுவது யார்? நாம்தான். நாமும் கடையில் போய், "அண்ணே, அம்பாசிடருக்கு ஒரு வாட்டர் பம்ப்" என்று கேட்கிறோம். இப்படிக் கேட்பதே தப்பு என்பது என் கருத்து.

அம்பாசிடர் வெளியே பார்க்க ஒரே வண்டிதான். உள்ளே? 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஒன்று. அதே 1489 சி.சி.யில் டீசல் ஒன்று. 1990-களில் வந்த 1817 சி.சி. இசுசூ பெட்ரோல் எஞ்சின் ஒன்று. பிறகு இசுசூ டீசலும் வந்தது. மாருதி 800-ம் இப்படித்தான். 1983-இல் வந்தபோது கார்புரேட்டர். 2000 வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது. பெயர் ஒன்று, சாமான் வேறு! இரண்டு கார்களின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. இன்னும் ஓடும் வண்டிகளுக்குச் சாமான் தேடும்போது கவனம் கூடுதலாக வேண்டும்.

"மெக்கானிக் அண்ணன் பார்த்தாலே சொல்லிடுவார்" என்பீர்கள். அவர் அனுபவத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. பழைய அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினில் அங்குல மரை. 5/16 அங்குல போல்ட் என்பது 7.94 மி.மீ. அதன் பக்கத்தில் 8 மி.மீ. போல்ட்டை வைத்தால் வித்தியாசம் 0.06 மி.மீ. தான். ஒன்பதாம் வகுப்பில் படித்த வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவே 0.1 மி.மீ. திருகு அளவிதான் இதைப் பிடிக்கும்! மரை இடைவெளியும் வேறு. ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை போச்சு.

அழகாக உட்கார்ந்துவிட்டாலும் சரியான சாமான் என்று அர்த்தமில்லை. ரேடியேட்டர் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 0.9, 1.1 என்று அழுத்தத்தின் எண் இருக்கும். குக்கர் மாதிரிதான், அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். குறைந்த எண் மூடி போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதித்து, ஹெட் கேஸ்கட் வரை பாதிக்கும். அதிக எண் போட்டால் ஹோஸ் வெடிக்கலாம். இரண்டு மூடியும் வாயில் கச்சிதமாகப் பொருந்தும்! எங்கள் தெருவில் ஒரு வாடகைக் கார் இப்படித்தான் முகூர்த்த நாளில் பாதி வழியில் நின்றது. ஆடிப்பூரத் தேருக்கும் கல்யாணத்துக்கும் ஓடினால்தான் அந்த வீட்டில் ஸ்கூல் பீஸ் கட்ட முடியும். கடையில் சொன்னது ஒரே வார்த்தை: "எல்லாம் ஒண்ணுதான் சார்."

எல்லாம் ஒன்றாக இருப்பது சும்மா வருவதில்லை. 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் மூன்று காடிலாக் கார்களைக் கழற்றி, சாமான்களை ஒன்றாகக் கலந்து, மறுபடி மூன்று கார்களாகப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அளவு துல்லியமாக இருந்ததால் நடந்தது அது. ஒரே மாடல் என்பதால்தான் மாற்றவும் முடிந்தது.

ஆகவே நண்பர்களே, இனி கடைக்குப் போகும்போது:

1. ஆர்.சி. நகல் கையில் இருக்கட்டும். செல்போனில் டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும். சேஸிஸ் எண், எஞ்சின் எண், தயாரித்த மாதம், வருடம் எல்லாம் அதில் உண்டு.

2. எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பழைய சாமானைக் கொண்டுபோய், அதிலுள்ள பார்ட் நம்பரைப் புதியதோடு ஒப்பிடுங்கள். பெல்ட் என்றால் நீளமும் பல்லும், கேஸ்கட் என்றால் ஓட்டைகளும் ஒத்துவர வேண்டும்.

4. பெட்டியைப் பிரிக்கும் முன்பே, "சேரலைன்னா திருப்பி எடுப்பீங்களா அண்ணே?" என்று கேளுங்கள். பில் வாங்குங்கள்.

இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். கடைக்காரர் சலித்துக்கொள்வார், சலித்துக்கொள்ளட்டும். தப்பான சாமானுக்கு விலை கொடுப்பது வண்டிக்காரர், ஆபத்து அதில் ஏறுகிறவர்களுக்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, எஞ்சினில் போடுவதை அளக்க வேண்டாமா?

சிந்திப்போம்! அளந்து வாங்குவோம்!

— 11-ஆம் வகுப்பு மாணவன்