நினைவின் வாயிலிற் கல்சியம்

பரீட்சை நெருங்குங்கால், ஞாபகசக்தி பெருகுமென எண்ணிப் பிள்ளைகளுக்குக் கல்சியக் குளிசை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் உளர். நினைவுக்கும் கல்சியத்துக்கும் தொடர்புண்டு என்பது மெய்யே. ஆயின் அத்தொடர்பு அவர்கள் கருதும் வகையினதன்று.

மூளையின் நரம்புக்கலங்கள் சந்திக்கும் இணைப்புக்களிற் பெரும்பாலானவற்றில் நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு கலம் குளுட்டமேற்று என்னும் இரசாயனப் பொருளை அதிற் சொரிய, மறுகலம் அதனை ஏற்றுக் கிளர்ச்சியுறும். ஒஸ்லோ நகரில் முயல்களின் மூளையை ஆராய்ந்த பிளிஸ், லோமோ என்போர், விரைவாக அடுத்தடுத்துத் தூண்டப்பட்ட இணைப்புக்கள் பல மணி நேரம் வலுவுற்றிருந்தமையை 1973இல் வெளியிட்டனர். கற்றலுக்கு இதுவே அடிப்படையென விஞ்ஞானிகள் பலர் கொள்வர்.

அவ்வலு எங்ஙனம் பிறக்கின்றது? செய்தி பெறும் கலத்தின் வாயிலொன்றை மகனீசிய அயன் அடைத்து நிற்கின்றது. குளுட்டமேற்று வந்து தட்டுதல் மட்டும் போதாது. அக்கலமும் அவ்வேளை போதிய கிளர்ச்சி பெற்றிருந்தாலன்றி மகனீசியம் விலகாது. இரண்டும் ஒருங்கே நிகழின் வாயில் திறக்கும், கல்சியம் உட்புகும். கலத்தினுள்ளே கல்சியச் செறிவு வெளியிலுள்ளதில் ஏறக்குறைய 10,000இல் ஒரு பங்கே. ஆதலாற் சிறிது புகினும், நிசப்தமான மண்டபத்தில் எழுந்த மணியோசைபோற் கலம் அதனை உணரும்.

மிகுதியாகச் சடுதியிற் புகுந்த கல்சியம் இணைப்பை வலுப்படுத்தும். சிறிதாக நெடுநேரம் புகுந்தது தளர்த்தும். எழுதுவதும் அழிப்பதும் ஒரே கைதான்! இவ்வாயிலை மருந்தினால் அடைத்தபோது, நீருள் மறைந்திருந்த மேடையின் இடத்தைக் கற்க எலிகள் பெரிதும் இடர்ப்பட்டதை மொறிசும் அவர் துணைவரும் 1986இற் காட்டினர்.

எனவே, வேண்டுவது கல்சியத்தின் மிகுதியன்று. உரிய கணத்தில் உரிய அளவே. அளவு மீறிப் புகின் கலமே மடியும். பாரிசவாதத்தில் மூளை சிதைவதற்கு இதுவும் ஒரு காரணம். குருதியிலுள்ள கல்சியத்தையும் உடல் ஓர் எல்லைக்குள்ளேயே காக்கின்றது. குறைபாடுடையார்க்கு வைத்தியர் தரும் குளிசை அவசியமே. ஏனையோர்க்கு அது நினைவைப் பெருக்கும் மருந்தாகாது.

நினைவுக்குத் துணையென ஆய்வுகள் உறுதிசெய்தவை வேறு: இடைவிட்டு மீட்டல், புத்தகத்தை மூடித் தன்னையே வினாவிப் பார்த்தல், போதிய உறக்கம். இவற்றை நாம் கடையில் வாங்க இயலாது. பிள்ளைகளுக்குப் பழக்குதல் இயலும்.