வீடு காத்திருக்கும், விதை காத்திருக்காது

காணும் பொங்கலன்று பூந்தமல்லியிலிருந்து வேன் பிடித்து, குடும்பத்தோடு பதினோரு பேர் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போனோம். 1996 டிசம்பரில் திறந்த இடம். செட்டிநாட்டு வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, கேரளத்து மர வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, தூணும் உத்தரமும் கதவுமாகத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். தஞ்சாவூர் விவசாயி வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்திரிக்கவே எனக்கு மனசு வரலை.

மத்தியானம் அங்கேயே எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல சாப்பாடு. பாயசம் வந்த நேரத்தில் மகன் மெதுவாக ஆரம்பித்தான். “அப்பா, முட்டி வலியோட எதுக்கு நாத்து, நடவுன்னு அலையறீங்க? ஒரு வருஷம் நிலத்தைச் சும்மா போடுங்க. அப்புறம் பார்த்துக்கலாம்.”

அவன் சொன்னதில் அன்பு இருக்கு. ஆனா கணக்கு தப்பு.

பிரித்த வீட்டின் தேக்குத் தூண் பத்து வருஷம் கொட்டகையில் கிடந்தாலும் தூண்தான். என் ஒன்றரை ஏக்கர் கிச்சிலிச் சம்பா விதை அப்படியில்லை. நன்றாகக் காயவைத்து, நொச்சி இலை போட்டு மூட்டை கட்டினாலும், நம்ம ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் ஒன்றிரண்டு வருஷத்தில் முளைப்புத் திறன் விழுந்துவிடும். விதைத்தால்தான் விதை. குளிர்பதன விதை வங்கி இருக்கேன்னு கேட்பீர்கள். இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அங்கே உறங்குகிற நெல்லுக்கு நம்ம ஏரிப்பாசனமும் ஐப்பசி மழையும் பழகாது.

இதில் என் பங்குப் பாவமும் உண்டு. வங்கியில் பயிர்க்கடன் பார்த்த காலத்தில் உரமூட்டைக்கும் பூச்சிமருந்துக்கும் கணக்குப் போட்டுத்தான் கையெழுத்து போட்டேன். பாரம்பரிய நெல்லுக்குன்னு யாராவது கேட்டிருந்தால் ‘மகசூல் பத்தாது’ன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்.

நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை கொடுத்து மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். நூற்றுக்கு நூறு வட்டி! எந்த வங்கியும் வாங்க முடியாத வட்டி, கடன்காரர் சந்தோஷமாகக் கட்டிய வட்டி. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் மீட்ட 174 ரகங்கள் இன்றைக்கு நிற்பது எங்கெங்கோ யாரோ வயலில் இறங்குவதால்தான்.

திரும்பும்போது வேனில் மகனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. பிறகு, “சரி, ஆவணியில நாத்து விடறப்ப ஒரு வாரம் லீவு போடறேன்” என்றான். போடுவானா, பார்க்கணும்.

அதுவரை ஒரு விஷயம். பூந்தமல்லி, திருமழிசை, பட்டாபிராம் பக்கம் அரை ஏக்கராவது வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கிச்சிலிச் சம்பா 2 கிலோ தருகிறேன். அடுத்த தை மாதம் 4 கிலோ கொண்டுவந்து கொடுங்கள். ஜாமீன் வேண்டாம்.