வழக்கேட்டில் ஒரு பெயர்

தீவுகளில் வாழும் நம்மவருள் ஒருவர் காவலர் கையில் பிடிபட்டார் என்னும் செய்தி பெரும்பாலும் எழுத்தாய் வருவதில்லை, வாய்ச்சொல்லாகவே வருகிறது. படகுத்துறையில் ஒருவர் கேட்டு, கடைத்தெருவில் மற்றொருவரிடம் கூறி, மூன்றாம் நாள் இராமநாதபுரத்திலுள்ள தாயின் செவிக்கு எட்டும்போது, அடிதடி கொலையாகவும் விசாரணை தண்டனையாகவும் உருமாறிவிடுகிறது. காற்றில் வந்த செய்தியைக் கொண்டு கலங்குவதை விட்டு, ஏட்டில் எழுதப்பட்டிருப்பது யாது என்று அறிய முற்படுவதே அறிவுடைமை. அவ்வேடு எங்கே உள்ளது, அதனை யார் காணலாம் என்பதை இத்திங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

நம் நாட்டில் கைது என்பது மறைவில் செய்யத்தக்க செயலன்று. 1996-ஆம் ஆண்டு டிசம்பரில், டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு நெறி வகுத்தது. கைதுக் குறிப்பு நாளும் நேரமும் காட்டி எழுதப்பட வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ அவ்வூரில் மதிப்புடைய ஒருவரோ அதில் சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி சொல்லி அனுப்ப வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு மேலும் ஒன்று சொல்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இதற்கென ஓர் அலுவலர் இருத்தல் வேண்டும். கைதானவரின் பெயர், முகவரி, சாட்டப்பட்ட குற்றத்தின் தன்மை ஆகியவை நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் பலரும் காண வெளியிடப்படல் வேண்டும். ஆகவே திக்லிபூரிலோ ரங்கத்திலோ நிலைய வாயிலில் நின்று, "எம் பிள்ளை இங்கே இருக்கின்றானா?" என்று வினவும் தந்தை எவரிடமும் இரந்து நிற்கவில்லை, சட்டம் தமக்கு அளித்ததைக் கேட்கிறார். இதனை நம்மவர் பலர் உணராமல், யாரோ ஓர் இடைத்தரகரைத் தேடிப் பொருள் இழக்கின்றனர்.

கடல் சூழ்ந்த நம் இருப்பிடத்திற்கென்றே ஒரு நுணுக்கம் உண்டு. பிடிபட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்று கூறும் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு, பிடித்த இடத்திலிருந்து நீதிமன்றம் வரையிலான பயண நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கிரேட் நிக்கோபாரின் காம்பெல் விரிகுடா, போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது) ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே கிடக்கிறது. கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். எனவே ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தன என்ற அளவிலேயே முறைகேடு நிகழ்ந்ததென்று முடிவு செய்தல் வேண்டா. எப்போது பிடித்தனர், எந்தக் கப்பலில் ஏற்றினர், எப்போது கரை சேர்த்தனர் என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்க. பயணத்தின் பெயரால் வீண் நாள்கள் கழிக்கப்பட்டனவா என்பதை வழக்கறிஞர் அக்குறிப்பைக்கொண்டே நீதிமன்றத்தில் எடுத்துரைப்பார்.

அடுத்து, முதல் தகவல் அறிக்கை. முறையீடு செய்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இதன் படி கட்டணமின்றிக் கிடைக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் தாமோ, தம் சார்பில் ஒருவர் வழியாகவோ விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் 24 மணி நேரத்தில் காவல்துறை தரவேண்டும் என்றும், அறிக்கை நடுவரிடம் சென்றபின் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் இரண்டு வேலை நாள்களில் கிடைக்கவேண்டும் என்றும் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிக்கையை 24 மணி நேரத்திற்குள் இணையத்தில் ஏற்றவும் அத்தீர்ப்பு பணித்தது. ஆயினும் எட்டாத இடங்களைக் கருதி, 72 மணி வரை அக்கெடு நீளலாம் என்றது. நம் தீவுகள் போன்றவற்றுக்கே அவ்விலக்கு பொருந்தும். முதல் நாளில் காணவில்லையென்றால் மூன்றாம் நாள் மீண்டும் பார்க்கலாம்.

தேடுங்கால் நம்மவர் தடுமாறுவது பெயரில்தான். முதலெழுத்தும் இயற்பெயருமாய் எழுதுவது நம் வழக்கம். இத்தீவுகளின் அலுவலகங்களிலோ பல மொழியினர் எழுதுகோல் பிடிக்கின்றனர். முருகேசன் என்பவர் ஓரேட்டில் முருகேஷ் ஆவார். மற்றோர் ஏட்டில் தந்தை பெயரே குடும்பப் பெயராகி, அவர் பெயர் பின்னே ஒட்டிக்கொள்ளும். ஆறுமுகம் எத்தனை வகையில் எழுதப்படுவார் என்பதை எண்ணிப் பார்த்தால் நகைப்புத்தான் வரும்! இதனினும் இடர் யாதெனின், ஒரே பெயருடையார் பலர் இருத்தல். பெயர் ஒத்தது என்று கண்டவுடன் "அவன்தான்" என்று ஊருக்கு உரைப்பது பெரும் பிழை. காவல் நிலையத்தின் பெயர், முதல் தகவல் அறிக்கையின் எண், ஆண்டு ஆகிய மூன்றும் கைவசம் இருந்தால் பெயரின் குழப்பமே தேவையில்லை. நீதிமன்றங்களின் இணையத்தளமாகிய இ-கோர்ட்ஸில் இம்மூன்றையும் இட்டாலே வழக்கு வெளிப்படும். ஒவ்வொரு வழக்கிற்கும் 16 குறிகள் கொண்ட ஓர் எண் தரப்படுகிறது. அதனை ஒருமுறை குறித்துக்கொண்டால், தமிழகத்துச் சிற்றூரிலிருந்தும் அடுத்த விசாரணை நாளை அறியலாம். இணையம் பழகாதவர் போர்ட் பிளேர் நீதிமன்றத்திலோ மாயாபந்தர் நீதிமன்றத்திலோ எழுத்தரிடம் அவ்வெண்ணைக் காட்டி வினவலாம். வழக்கறிஞர் வைக்க வகையற்றோர்க்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி உண்டு. அதற்குரிய தொலைபேசி எண் 15100. மேல்முறையீட்டிற்குக் கல்கத்தாவிற்கே ஓடவேண்டுமோ என்று அஞ்சுவோரும் உளர். நம் தீவுகள் 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வந்தன. அதன் சுற்றமர்வு போர்ட் பிளேரிலேயே கூடுகிறது.

ஒருவர் வழக்கை ஊரார் காண வைப்பது இத்தீவுகளுக்குப் புதிதன்று. 1858 மார்ச்சில் தண்டனைக் குடியிருப்புத் தொடங்கிய பின், இங்குக் கொணரப்பட்ட கைதியர் கழுத்தில் மரச் சீட்டு ஒன்று தொங்கியது. கைதி எண், தண்டனைப் பிரிவு, தண்டனை பெற்ற நாள், விடுதலைக்குரிய நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருந்தன. ஏட்டைத் தேடி எவரும் செல்லவேண்டுவதில்லை. மனிதனே ஏடாக நடந்தான். அக்காலத்து முன்னோரைப் பற்றித் தேடும் குடும்பத்தார்க்கு ஒரு சொல்: பழைய சென்னை மாகாணத்தின் நீதித்துறைக் கோப்புகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தண்டனை பெற்ற ஆண்டும் மாவட்டமும் தெரிந்து செல்வோர் அங்கே தேடிப் பார்க்கலாம்.

இன்று எல்லா ஏடும் எல்லார்க்கும் திறந்திருப்பதும் இல்லை; இருத்தலும் ஆகாது. பாலியல் குற்றங்கள் முதலியவற்றின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் இடப்படுவதில்லை. குற்றப்பத்திரிகையை அனைவரும் காணுமாறு வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறியது. பதினெட்டு ஆண்டு நிரம்பாத சிறாரின் அடையாளத்தை எவரும் வெளியிடலாகாது. அமெரிக்க நாட்டின் சிற்றூர்ப் பகுதிகளிலோ, பிடிபட்டவர் பட்டியலை ஒளிப்படத்துடன் அப்பகுதிக் காவல் தலைவர் அலுவலகமே வெளியிடுவது பெருவழக்கு. அப்படங்களை எடுத்து வெளியிட்டு, நீக்குவதற்குப் பணம் கேட்ட வணிகரும் தோன்றினர். மாநிலங்கள் சில சட்டமியற்றி அதைத் தடுக்க வேண்டியதாயிற்று.

நம்மிடையே அவ்வணிகம் இல்லை. அதன் வேலையைத் திருமணப் பேச்சு செய்கிறது. பெண் கொடுக்க வருவோர் மாப்பிள்ளையின் பெயரை இணையத்தில் இட்டுப் பார்க்கின்றனர். வழக்கு என்ற சொல்லைக் கண்டதும் திரும்பிவிடுகின்றனர். அவ்வழக்கு எவ்வாறு முடிந்தது என்று அடுத்த பக்கம் புரட்டுவார் அரியர். இது நம் தீவினர் துன்பம் மட்டுமன்று. வழக்கில் விடுதலை பெற்ற பின்னும் தம் பெயர் இணையத்தில் நிற்பதால் வெளிநாட்டுக் குடியுரிமைக்கு இடையூறு நேர்ந்தது என்று ஒருவர் முறையிட்டார். 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்க்குச் சார்பாக ஆணையிட்டது. அவ்வாண்டு ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. நீதிமன்றம் திறந்த மன்றமாய் இருக்கவேண்டும் என்பதும், குற்றமற்றவர் பெயர் காக்கப்படவேண்டும் என்பதும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. நம் கருத்தில், ஏட்டை மூடுவதினும் அதனை இறுதிவரை படிப்பதே இப்போதைக்குச் செய்யத்தக்கது.

வழக்கை மறைப்பதால் வரும் கேடு அதனினும் பெரிது. அரசுப் பணிக்குரிய உறுதிமொழிப் படிவத்தில், கைதானதுண்டா, வழக்கு உண்டா என்ற வினா இருக்கும். விடுதலையாகிவிட்டதே என்று எண்ணி 'இல்லை' என்று எழுதும் இளைஞர், வழக்கினால் அன்றி, மறைத்ததனால் பணியிழக்கின்றனர். 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையை உள்ளவாறு எழுதவேண்டும் என்றும், சிறு வழக்காயின் மறைத்ததையும்கூடப் பணியளிப்போர் பொறுத்தருளலாம் என்றும் கூறியுள்ளது. உண்மையை எழுதிவிட்டால் வேலை கிடைத்தே தீரும் என்பதன்று. எழுதியவர்க்குத் தம் பக்கத்தை எடுத்துச் சொல்ல இடமுண்டு.

அதற்குக் கையில் சான்று வேண்டும். வழக்கு முடிந்த கிழமையிலேயே விடுதலைத் தீர்ப்பின் சான்று நகலுக்கு விண்ணப்பித்துவிடுக. இரண்டு படிகளாக வாங்கி, ஒன்றை இங்கும் மற்றொன்றைத் தாயகத்து வீட்டிலும் வைத்தல் நலம். உப்புக் காற்றும் எட்டு மாத மழையும் இங்கே தாளை நெடுநாள் விட்டு வைப்பதில்லை.